பிப்ரவரி 29: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிக் காலைக் கூட்டத்தில் "வரலாற்றில் இன்று" வாசிப்பவர்களுக்கு வருடத்தில் 365 நாளும் ஏதாவது கிடைத்துவிடும். 366ஆவது நாளுக்குத்தான் திண்டாட்டம். நான்கு வருடத்துக்கு ஒருமுறை வருகிற தேதி என்பதால் அதைப் பற்றிக் கையில் கிடைப்பது குறைவு, கிடைப்பதிலும் பிழை அதிகம். அன்று பிறந்த குழந்தையின் பெற்றோர் கேட்பது, மாணவர்கள் கேட்பது, பொங்கல் ஏன் தேதி மாறுகிறது என்று பெரியவர்கள் கேட்பது எல்லாவற்றுக்குமான பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதியிருக்கிறேன்.

இந்த ஒரு நாள் கூடுதலாக எதற்கு?

ஒரு வசந்த காலம் தொடங்கி அடுத்த வசந்த காலம் தொடங்குவதற்கு 365 நாள், 5 மணி, 48 நிமிடம், 45 வினாடி ஆகிறது. நாம் 365 நாளோடு வருடத்தை முடித்துவிட்டால் வருடா வருடம் ஏறக்குறைய ஆறு மணி நேரம் பாக்கி நிற்கும். நான்கு வருடப் பாக்கியைச் சேர்த்தால் கிட்டத்தட்ட ஒரு நாள். அதைத்தான் பிப்ரவரி கடைசியில் கொடுத்துத் தீர்க்கிறோம்.

கொடுக்காமல் விட்டால் நூறு வருடத்தில் 24 நாள் பிசகும். சுமார் 750 வருடத்தில் அரை வருடமே புரண்டுவிடும். மே மாதம் குளிரும், டிசம்பரில் கத்திரி வெயில் கொளுத்தும். விதைப்பது, அறுப்பது, பள்ளி திறப்பது என எதற்கும் தேதியை நம்ப முடியாது. எல்லா மாதங்களும் அதனதன் பருவத்தில் வருவதற்குக் காரணம் இந்த ஒரு நாள்தான்.

நான்கால் வகுபட்டால் லீப் வருடம். அவ்வளவுதானே?

அவ்வளவுதான் என்று பலர் நினைக்கிறார்கள். இன்று உயிரோடு இருக்கும் யாருக்கும் அந்த விதி பொய்க்கவில்லை என்பதே அதற்குக் காரணம்.

நான்கு வருடப் பாக்கி சரியாக 24 மணி நேரம் அல்ல, 23 மணி 15 நிமிடம். முழு நாளைக் கொடுக்கும்போது 45 நிமிடம் கூடுதலாகக் கொடுத்துவிடுகிறோம். 400 வருடத்தில் அது மூன்று நாளாகிவிடும். அந்த மூன்று நாளைத் திரும்ப எடுக்க ஒரு வழி: நூற்றாண்டு வருடங்கள் நான்கால் வகுபட்டாலும் லீப் வருடம் ஆகாது, 400ஆல் வகுபட்டால் மட்டும் ஆகும். அதனால் 1700, 1800, 1900 மூன்றிலும் பிப்ரவரி 29 இல்லை. 1600க்கும் 2000க்கும் உண்டு. 2100க்குக் கிடையாது.

இப்படி 400 வருடத்தில் 97 லீப் வருடங்கள் வரும். மொத்த நாட்கள் 1,46,097. இதை ஏழால் வகுத்தால் மீதியே வராது. அதனால் 400 வருடத்துக்கு ஒருமுறை தேதியும் கிழமையும் மொத்தமாகத் திரும்ப வருகின்றன. 2000 ஜனவரி 1 சனிக்கிழமை. 2400 ஜனவரி 1ம் சனிக்கிழமைதான்.

கூடுதல் நாளை ஏன் பிப்ரவரியில் வைத்தார்கள்? டிசம்பர் கடைசியில் வைத்திருக்கலாமே?

பழைய ரோமில் வருடம் மார்ச்சில் தொடங்கியது. பிப்ரவரிதான் கடைசி மாதம். கணக்கை நேர் செய்வதெல்லாம் வருடக் கடைசியில்தான். வருடப் பிறப்பு ஜனவரிக்கு நகர்ந்த பிறகும் பழக்கம் மட்டும் அங்கேயே தங்கிவிட்டது.

அந்தக் காலத்து ரோமானிய வருடம் 355 நாள். இடையிடையே ஒரு கூடுதல் மாதத்தைச் செருக வேண்டும்; எப்போது செருகுவது என்பது தலைமைப் பூசாரிகள் கையில் இருந்தது. வேண்டியவர் பதவியில் இருந்தால் வருடத்தை நீட்டலாம், வேண்டாதவர் இருந்தால் மாதத்தைச் செருகாமலே விடலாம். கடைசியில் நாட்காட்டி பருவத்தோடு ஒட்டாமல் மாதக்கணக்கில் விலகிப் போயிருந்தது.

ஜூலியஸ் சீசர், அலெக்சாந்திரியாவின் வானியல் அறிஞர் சோசிஜெனீசின் யோசனையைக் கேட்டு இதை ஒழித்தார். விட்டுப்போன நாட்களை எல்லாம் சேர்த்ததில் கி.மு. 46ஆம் வருடம் மட்டும் 445 நாள் ஓடியது. அடுத்த வருடத்திலிருந்து 365 நாள், நான்கு வருடத்துக்கு ஒருமுறை 366. ஆனால் அந்தக் கூடுதல் நாளை அவர்கள் 29 என்று எண்ணவில்லை. பிப்ரவரி 24ஐ இரண்டு தடவை எண்ணினார்கள். 28க்கு அடுத்து 29 என்று எண்ணுவதெல்லாம் பல நூற்றாண்டு கழித்து வந்த வழக்கம்.

சீசர் கொலையான பிறகு பூசாரிகள் "நான்கு வருடத்துக்கு ஒருமுறை" என்பதைத் தவறாகப் புரிந்துகொண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை நாளைச் சேர்த்துக்கொண்டு போனார்கள். அகஸ்டஸ் வந்து சில லீப் நாட்களை நிறுத்திவைத்துத்தான் கணக்கு நேரானது.

அக்டோபரில் பத்து நாள் காணாமல் போனது என்கிறார்களே, அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு?

நேரடித் தொடர்பு. சீசரின் கணக்கில் நூற்றாண்டு விலக்கு கிடையாது. 45 நிமிடம் 45 நிமிடமாகக் கூடிக்கூடி 16ஆம் நூற்றாண்டில் பத்து நாள் ஆகிவிட்டது. ஈஸ்டர் தேதி தள்ளிப்போவதைப் பார்த்துப் போப் பதின்மூன்றாம் கிரெகோரி 1582இல் புதிய முறையைக் கொண்டுவந்தார். அலோய்சியஸ் லிலியஸ் வகுத்த திட்டம் அது. அதை விளக்கி வாதாடி நிலைநிறுத்தியவர் கிறிஸ்டோபர் கிளாவியஸ். அந்த வருடம் அக்டோபர் 4 வியாழனுக்கு மறுநாள் அக்டோபர் 15 வெள்ளி. ஸ்பெயினின் புனித அவிலா தெரேசா இறந்தது அந்த இரவில்தான். அவர் திருநாள் இன்றும் அக்டோபர் 15.

போப்பின் பேச்சைக் கேட்க விரும்பாத பிரிட்டன் 1752 வரை பிடிவாதமாக இருந்தது. அதற்குள் வித்தியாசம் 11 நாளாகிவிட்டது. அங்கே 1752 செப்டம்பர் 2க்கு மறுநாள் செப்டம்பர் 14.

இது நம் ஊர்க் கதையும்கூட. பிரான்ஸ் 1582லேயே மாறிவிட்டது. ஆகவே 18ஆம் நூற்றாண்டின் முதல் பாதி முழுவதும் பிரெஞ்சுக்காரர்களின் புதுச்சேரியில் ஒரு தேதி, ஆங்கிலேயரின் சென்னையில் அதற்கு 11 நாள் முந்தைய தேதி. கர்நாடகப் போர்கள் நடந்த காலம் அது. ஆற்காட்டு முற்றுகை போன்ற நிகழ்ச்சிகளுக்கு இரண்டு புத்தகத்தில் இரண்டு தேதி இருந்தால் அச்சுப்பிழை என்று அவசரப்பட்டு முடிவு கட்டிவிடாதீர்கள். எந்த நாட்காட்டிப்படி எழுதியது என்று முதலில் பாருங்கள்.

பிப்ரவரி 30 என்று ஒரு நாள் இருந்ததாமே?

இருந்தது, ஸ்வீடனில், 1712இல். புதிய நாட்காட்டிக்கு ஒரேயடியாக மாறாமல், 1700இலிருந்து 1740 வரை லீப் நாட்களை ஒவ்வொன்றாக விட்டுவிட்டு மெல்ல மாறுவது அவர்கள் திட்டம். 1700இல் விட்டார்கள். பிறகு போர் மூண்டது. 1704லிலும் 1708லிலும் விட மறந்து லீப் நாள் வந்துவிட்டது. விளைவு, ஸ்வீடன் பழைய நாட்காட்டியோடும் சேரவில்லை, புதியதோடும் சேரவில்லை. மன்னர் பன்னிரண்டாம் சார்லஸ் போதும் என்று பழைய முறைக்கே திரும்ப முடிவு செய்தார். விட்ட ஒரு நாளைத் திருப்பிச் சேர்க்க 1712இல் பிப்ரவரிக்கு 30 நாள் கொடுக்கப்பட்டது. 1753இல் ஒரே தாவலில் மாறிக்கொண்டார்கள்.

அன்று பிறந்த முக்கியமானவர்கள் யார்?

தமிழ் வாசகர்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்பும் பெயர் ருக்மிணி தேவி அருண்டேல். 1904 பிப்ரவரி 29 அன்று மதுரையில் பிறந்தவர். அடையாறு பிரம்மஞான சபையில் வளர்ந்து, ஜார்ஜ் அருண்டேலை மணந்து, ரஷ்ய பாலே கலைஞர் அன்னா பாவ்லோவாவின் தூண்டுதலால் நாட்டியத்துக்கு வந்தவர். மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் கற்றார். முப்பது வயதைத் தாண்டி 1935இல் மேடை ஏறினார். அடுத்த வருடமே கலாக்ஷேத்திரா தொடங்கியது.

கோயிலைச் சேர்ந்த மகளிர் வழிவழியாக ஆடிவந்த சதிர், பரதநாட்டியம் என்ற பெயரில் நடுத்தரக் குடும்பங்களுக்குள் வந்ததில் அவர் பங்கு பெரியது. அந்த மாற்றத்தில் எதை இழந்தோம் என்ற கேள்வியும் அன்றே எழுந்தது. சிருங்காரத்தைக் குறைத்ததை மரபில் வந்த டி. பாலசரஸ்வதி வெளிப்படையாகவே எதிர்த்தார். அன்றைய நாளைப் பற்றிப் பள்ளியில் பேசுகிறவர்கள் இந்த இரண்டு பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஒன்றை விட்டுவிட்டு மற்றதை மட்டும் சொன்னால் அந்தக் கலையை வளர்த்தவர்களுக்கு அநியாயம்.

நாட்டியத்தோடு அவர் நிற்கவில்லை. 1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டு, விலங்குகளைக் கொடுமையிலிருந்து காக்கத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அந்த முயற்சியின் பலனாக அரசே 1960இல் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன்படி அமைந்த விலங்கு நல வாரியத்துக்கு அவரே தலைவர்.

இன்னொருவர் மொரார்ஜி தேசாய். 1896 பிப்ரவரி 29, இன்றைய குஜராத்தின் வல்சாடு மாவட்டத்தில் உள்ள பதேலி கிராமத்தில் பிறந்தார். 1977 முதல் 1979 வரை பிரதமர்.

இந்த இரண்டு பிறந்தநாளையும் சேர்த்துப் பாருங்கள். 1900 லீப் வருடம் இல்லை என்பதால், 1896க்குப் பிறகு வந்த முதல் பிப்ரவரி 29 1904இல்தான். அதாவது, மொரார்ஜிக்குத் தன் பிறந்த தேதி முதல்முறையாகத் திரும்ப வந்தபோது வயது எட்டு. அதே நாளில்தான் மதுரையில் ருக்மிணி பிறந்தார். 73 வருடம் கழித்து, 1977இல் பிரதமராக இருந்த மொரார்ஜி, குடியரசுத் தலைவர் பதவிக்கு நிற்கும்படி கேட்டது இதே ருக்மிணி தேவியைத்தான். அவர் மறுத்துவிட்டார். நீலம் சஞ்சீவ ரெட்டி போட்டியின்றித் தேர்வானார்.

மொரார்ஜி 99 வயது வரை வாழ்ந்தார். 1995 ஏப்ரலில் இறக்கும்வரை அவருக்கு அசல் தேதியில் வந்த பிறந்தநாட்கள் 23 மட்டுமே.

மொரார்ஜி தேசாய் தன் பிறந்தநாளில் இரண்டு முறை, 1964லும் 1968லும் பட்ஜெட் வாசித்தார் என்று படித்தேன். சரியா?

பட்ஜெட் சமயத்தில் வருடா வருடம் வருகிற துணுக்கு இது. 1968 சரி. அவர் அப்போது இந்திரா காந்தி அமைச்சரவையில் நிதியமைச்சர். 1964 சரியாக இருக்க வழியில்லை. 1963இல் காமராஜர் திட்டத்தின்படி அமைச்சரவையை விட்டு வெளியேறியவர்களில் மொரார்ஜியும் ஒருவர். 1964 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. காமராஜர் திட்டத்தைப் பாடத்தில் படித்த நம் பிள்ளைகளே இந்தப் பிழையைக் கண்டுபிடித்துவிடலாம். அறிவிப்புப் பலகையில் எழுதுகிறவர்கள் 1964ஐ விட்டுவிடுங்கள்.

வேறு யார் யார் பிறந்திருக்கிறார்கள்?

"செவில் நகரத்து நாவிதன்" ஓபராவைத் தந்த இத்தாலிய இசையமைப்பாளர் ரோசினி (1792). ஸ்பெயின் பிரதமர் பெத்ரோ சான்செஸ் (1972). ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் ஷான் அபாட் (1992). 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்கு ஹாக்கி ஆடிய ஆடம் சின்கிளேர் (1984).

இவர்களில் அதிகம் பேசப்படாத ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஹெர்மன் ஹாலரித், 1860 பிப்ரவரி 29, அமெரிக்காவின் பஃபலோ நகரம். அங்கே 1880 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் விவரங்களைக் கையால் தொகுக்கவே வருடக்கணக்கில் ஆயிற்று. ஒவ்வொரு மனிதரின் விவரத்தையும் ஒரு அட்டையில் துளைகளாகக் குத்தி, அந்தத் துளை வழியே மின்சாரம் பாய்ந்தால் எண்ணிக்கை கூடும்படி ஒரு இயந்திரம் செய்தார். 1890 கணக்கெடுப்பு அதில் ஓடியது. அவர் தொடங்கிய நிறுவனம் 1911இல் வேறு சிலவற்றோடு இணைந்தது. 1924இல் அதற்கு வைத்த பெயர் ஐபிஎம்.

பிறந்ததும் இறந்ததும் இதே தேதியில் என்று ஒருவரும் உண்டு: ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் பிரிமியராக இருந்த ஜேம்ஸ் மில்ன் வில்சன். 1812 பிப்ரவரி 29இல் பிறந்து 1880 பிப்ரவரி 29இல் இறந்தார்.

வரலாற்றில் அன்று என்ன நடந்தது?

1504. கொலம்பஸ் கப்பல்கள் சேதமாகி ஜமைக்கா கரையில் மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டிருந்தார். உணவு கொடுத்துவந்த பூர்வகுடிகள் ஒரு கட்டத்தில் நிறுத்திக்கொண்டார்கள். ஜெர்மன் வானியலாளர் ரெஜியோமொண்டானஸ் கணித்த பஞ்சாங்கம் கொலம்பசிடம் இருந்தது. பிப்ரவரி 29 இரவு முழுச் சந்திர கிரகணம் என்று அதில் கண்டார். "உங்கள் மேல் கடவுளுக்குக் கோபம், இன்று நிலா மறையும்" என்று சொல்லி மிரட்டினார். நிலா சிவந்து இருண்டதும் அந்த மக்கள் பயந்து உணவோடு வந்தார்கள். இதைச் சாமர்த்தியக் கதையாகப் பாடப் புத்தகங்களில்கூடச் சொல்கிறார்கள். மாதக்கணக்கில் சோறு போட்டவர்களை அறிவியலைக் காட்டிப் பயமுறுத்திய கதை என்றுதான் எனக்குப் படுகிறது. மாணவர்களுக்குச் சொல்லும்போது அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

1940. லாஸ் ஏஞ்சலிஸ் அம்பாசடர் ஹோட்டலில் ஆஸ்கர் விழா. "கான் வித் த விண்ட்" படத்தில் பணிப்பெண்ணாக நடித்த ஹாட்டி மெக்டேனியல் சிறந்த துணை நடிகைக்கான விருது பெற்றார். ஆஸ்கர் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர். அந்த ஹோட்டலில் கறுப்பினத்தவரை அனுமதிப்பதில்லை. தயாரிப்பாளர் தனியாகக் கேட்டு அனுமதி வாங்கியதால் உள்ளே விட்டார்கள்; சக நடிகர்களோடு உட்கார விடவில்லை. சுவர் ஓரத்தில் போட்டிருந்த சிறு மேசையிலிருந்து எழுந்து வந்துதான் விருதை வாங்கினார். அதே தேதியில் அதே மாநிலத்தில், பெர்க்லியில் எர்னஸ்ட் லாரன்ஸுக்கு 1939ஆம் வருடத்து இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. போர் காரணமாக ஸ்வீடனுக்குப் போக முடியாததால் அந்த நாட்டுத் தூதரக அதிகாரி நேரில் கொடுத்தார்.

1960. மொராக்கோவின் அகாதிர் நகரம், ரம்ஜான் நோன்பு தொடங்கிய சில நாட்களில், இரவு 11.40 மணி. நிலநடுக்கம் நீடித்தது சுமார் 15 வினாடிதான், அளவிலும் ஆறுக்குள்தான். ஆனால் மையம் ஊருக்கு அடியிலேயே, அதிக ஆழமில்லாமல் இருந்தது. வீடுகள் நடுக்கத்தைத் தாங்கும்படி கட்டப்படவில்லை. குறைந்தது 12,000 பேர் இறந்தார்கள். ஊர் மக்களில் மூன்றில் ஒருவர். இன்றைய அகாதிர் பழைய ஊருக்குத் தெற்கே புதிதாகக் கட்டப்பட்டது. நிலநடுக்கத்தின் அளவெண் சிறியது என்று அலட்சியம் கூடாது என்பதற்குப் பொறியியல் வகுப்புகளில் இன்றும் சொல்லப்படும் உதாரணம் இது.

1996. போஸ்னியாவின் சரயேவோ நகர முற்றுகை முடிந்ததாக அறிவிக்கப்பட்டது. 1992 ஏப்ரலில் தொடங்கியது, 1,425 நாள்.

2020. தோஹாவில் அமெரிக்காவும் தாலிபானும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. மறு வருடம் காபூல் தாலிபான் கைக்குப் போனதற்குத் தொடக்கம் அங்கேதான்.

அன்று அனுசரிக்கப்படும் தினங்கள் உண்டா?

முக்கியமானது அரிய நோய்கள் தினம். ஐரோப்பாவின் அரிய நோயாளர் அமைப்புகளின் கூட்டமைப்பான யூரோர்டிஸ் 2008 பிப்ரவரி 29இல் தொடங்கியது. அரிதான நோய்களுக்கு அரிதான தேதி என்று வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தார்கள். மற்ற வருடங்களில் பிப்ரவரியின் கடைசி நாளில் வரும். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு நோயும் சிலருக்கே வரும். மொத்தமாகப் பார்த்தால் உலகில் சுமார் 30 கோடிப் பேர். நோய் என்னவென்று கண்டுபிடிக்கவே வருடங்கள் ஓடிவிடுகின்றன. மருந்து இருந்தாலும் வாங்கக்கூடிய விலையில் இருப்பதில்லை. இந்தியாவில் 2021இல் இதற்கென்று தேசியக் கொள்கை வந்தது. சிகிச்சைக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி பெற வழியுண்டு. இந்த நாளைப் பற்றி ஒரே ஒரு விஷயத்தைத்தான் அறிவிப்புப் பலகையில் எழுத இடம் இருக்கிறது என்றால், இதை எழுதுங்கள்.

அயர்லாந்தில் லீப் வருடத்தில் பெண்கள் ஆண்களிடம் திருமணம் கேட்கலாம் என்று ஒரு பழைய வழக்கம். பிரான்சில் 1980இலிருந்து ஒரு நகைச்சுவைப் பத்திரிகை பிப்ரவரி 29இல் மட்டும் வெளியாகிறது. 2024இல் 12ஆவது இதழ் வந்தது.

என் குழந்தை பிப்ரவரி 29இல் பிறந்தது. மற்ற வருடங்களில் பிறந்தநாளை எப்போது கொண்டாடுவது?

உங்கள் விருப்பம். பிப்ரவரி மாதத்துக் குழந்தை என்று நினைத்தால் 28, பிறந்த நாளுக்கு முன்னால் கொண்டாடக் கூடாது என்றால் மார்ச் 1. நம் வீடுகளில் இதைவிட நல்ல வழி ஏற்கெனவே இருக்கிறது. தமிழ் மாதமும் ஜென்ம நட்சத்திரமும் பார்த்துக் கொண்டாடினால் இந்தப் பிரச்சினையே எழாது. பிப்ரவரி 29 மாசி மாத நடுவில், 17ஆம் தேதிவாக்கில் வரும். மாசியில் அந்த நட்சத்திரம் எல்லா வருடமும் வரும்.

அறுபதாம் கல்யாணத்துக்கும் கவலை வேண்டாம். 60 நான்கால் வகுபடுகிற எண். 1964 பிப்ரவரி 29இல் பிறந்தவருக்கு 60 வயது நிறைந்தது 2024 பிப்ரவரி 29இல். தமிழ் வருடமும் அதே சோபகிருது.

சட்டப்படி 18 வயது எப்போது நிறைகிறது?

இது நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனிலும் ஹாங்காங்கிலும் மார்ச் 1 என்று கணக்கு. நியூசிலாந்திலும் தைவானிலும் பிப்ரவரி 28. பிறந்து 18 வருடம் கழித்து வருவது எப்போதும் லீப் அல்லாத வருடம் என்பதால் இந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாது. நம் ஊரில் ஓட்டுநர் உரிமம் போன்றவற்றுக்கு விண்ணப்பிக்கும்போது மார்ச் 1 வரை ஒரு நாள் பொறுத்துக்கொண்டால் யாரும் ஆட்சேபம் சொல்ல வழியில்லை. வாக்காளர் பட்டியலுக்கு இது பொருட்டே அல்ல. ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 ஆகிய நான்கு தகுதி நாட்கள் இப்போது இருக்கின்றன. 28 ஆனாலும் 1 ஆனாலும் ஏப்ரல் 1க்குள் வந்துவிடும்.

பிற்காலத்தில் தொல்லை வேண்டாம் என்று பிறப்புச் சான்றிதழில் 28 என்றோ மார்ச் 1 என்றோ போட்டுவிடலாமா?

தயவுசெய்து வேண்டாம். ஆஸ்பத்திரி ஏட்டில் ஒரு தேதி, சான்றிதழில் ஒரு தேதி, ஆதாரில் ஒரு தேதி என்று ஆகிவிட்டால் அதை நேர் செய்ய வேண்டிய அலைச்சல் அந்தப் பிள்ளையின் தலையில்தான் விழும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பாஸ்போர்ட்டில் பிறந்த தேதிக்கு ஆதாரம் பிறப்புச் சான்றிதழ் மட்டுமே. 2024 பிப்ரவரி 29இல் பிறந்த குழந்தைகள் எல்லாரும் இந்த விதிக்குள் வருகிறார்கள். உள்ள தேதியை உள்ளபடி போடுங்கள்.

இந்தத் தேதியில் பிறந்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

நான்கு வருடத்துக்கு 1,461 நாள். அதில் ஒன்று பிப்ரவரி 29. பிறப்புகள் எல்லா நாளிலும் ஒரே சீராக நடக்கின்றன என்று வைத்துக்கொண்டால், 140 கோடிப் பேர் உள்ள இந்தியாவில் சுமார் ஒன்பதரை லட்சம் பேர். 2011 கணக்கெடுப்பின் 7.21 கோடியை வைத்துப் பார்த்தால் தமிழ்நாட்டில் மட்டும் 49 ஆயிரம் பேர் வருவார்கள். தனி ஆள் என்று எந்தக் குழந்தையும் வருத்தப்படத் தேவையில்லை.

தமிழ்ப் பஞ்சாங்கத்தில் லீப் நாள் உண்டா?

தனியாகக் கிடையாது, தேவையும் இல்லை. சூரியன் ஒரு ராசிக்குள் நுழைவதை வைத்து மாதம் பிறக்கிறது. அந்த நேரத்தைப் பொறுத்து மாதத்துக்கு 29 முதல் 32 நாள் வரை வரும். வருடம் தானாகவே 365 ஆகவோ 366 ஆகவோ அமைந்துவிடும்.

ஆனால் ஆங்கில நாட்காட்டியின் பிப்ரவரி 29 நம் பொங்கலில் கைவைக்கிறது. 2021லும் 2022லும் பொங்கல் ஜனவரி 14. 2023லும் 2024லும் 15. 2025இல் மறுபடி 14. காரணம் இதுதான்: சூரியன் மகர ராசிக்குள் நுழையும் நேரம் வருடத்துக்கு ஆறு மணி நேரம் பிந்திக்கொண்டே வரும். ஒரு கட்டத்தில் பொழுதைத் தாண்டி அடுத்த தேதிக்குப் போய்விடும். பிப்ரவரி 29 வந்து ஒரு நாளைச் சேர்த்ததும் அடுத்த பொங்கல் பழைய தேதிக்கு இழுபடும்.

முழுவதும் பழைய இடத்துக்கு வருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பஞ்சாங்கம் நட்சத்திரங்களைக் கொண்டு அளக்கும் வருடம், பருவத்தைக் கொண்டு அளக்கும் வருடத்தைவிடச் சுமார் 20 நிமிடம் நீளம். 70 சொச்சம் வருடத்தில் அது ஒரு நாளாகிவிடும். அதனால்தான் பொங்கலும் சித்திரைப் பிறப்பும் நூற்றாண்டு நூற்றாண்டாக மெல்லப் பிந்திய தேதிக்கு நகர்கின்றன.

லீப் வருடம் ஆகாத வருடம் என்கிறார்களே?

கிரேக்கத்தில் லீப் வருடத்தில் கல்யாணம் செய்யத் தயங்குவார்கள். நம் மரபில் அப்படி ஒன்றும் கிடையாது. முகூர்த்தம் பார்ப்பதில் ஆங்கிலத் தேதிக்கு இடமே இல்லை.

மாதச் சம்பளக்காரர் அன்று ஓசியில் வேலை செய்கிறாரா?

மாதச் சம்பளம் பிப்ரவரிக்கு 28 நாளானாலும் 29 ஆனாலும் ஒன்றுதான். நாட்கூலிக்காரருக்கு அன்றைய கூலி உண்டு. மாதச் சம்பளக்காரர் 31 நாள் மாதங்களிலும் அதே சம்பளத்துக்குத்தானே வேலை செய்கிறார்.

கம்ப்யூட்டர்களுக்கு இந்த நாளில் என்ன தொல்லை?

தேதியோடு ஒரு வருடத்தைக் கூட்டும்போதுதான் தொல்லை. 2012 பிப்ரவரி 29இல் மைக்ரோசாஃப்டின் அஸ்யூர் சேவை பல மணி நேரம் முடங்கியது. அன்று உருவான பாதுகாப்புச் சான்றுகளுக்கு முடிவுத் தேதி 2013 பிப்ரவரி 29 என்று விழுந்தது. அப்படி ஒரு நாளே இல்லாததால் சான்று செல்லவில்லை. 2024இல் நியூசிலாந்தில் ஆள் இல்லாத பெட்ரோல் பங்குகள் பலவற்றில் அதே தேதியில் கார்டு ஏற்கவில்லை.

எக்செல்லில் ஒன்றை நீங்களே பார்க்கலாம். ஒரு கட்டத்தில் 60 என்று எழுதி அதைத் தேதி வடிவத்துக்கு மாற்றுங்கள். 1900 பிப்ரவரி 29 என்று காட்டும். அப்படி ஒரு நாள் இருந்ததே இல்லை. அதற்கு முந்தைய லோட்டஸ் 1-2-3 மென்பொருள் 1900ஐ லீப் வருடமாக எடுத்துக்கொண்டது. அதன் கோப்புகளோடு ஒத்துப்போக வேண்டும் என்று எக்செல்லும் அதே பிழையை வைத்துக்கொண்டது. இப்போது திருத்தினால் கோடிக்கணக்கான கோப்புகளில் தேதி ஒரு நாள் தள்ளிவிடும் என்பதால் அப்படியே விட்டிருக்கிறார்கள்.

அடுத்த பிப்ரவரி 29கள் என்னென்ன கிழமையில் வரும்?

2028இல் செவ்வாய், 2032இல் ஞாயிறு, 2036இல் வெள்ளி, 2040இல் புதன், 2044இல் திங்கள், 2048இல் சனி, 2052இல் வியாழன். ஒவ்வொரு முறையும் இரண்டு கிழமை பின்னால் போகிறது. 28 வருடத்தில் ஏழு கிழமையும் முடிந்து முதல் கிழமைக்கே வந்துவிடும். 2024 வியாழன் என்பதால் 2052ம் வியாழன்.

இந்த வரிசை 2096 புதன்கிழமையோடு நின்றுவிடும். 2100இல் பிப்ரவரி 29 இல்லை. அதற்கு அடுத்தது 2104, வெள்ளிக்கிழமை. 2096இல் அன்று பிறக்கும் குழந்தை, மொரார்ஜி தேசாயைப் போலவே, தன் முதல் பிப்ரவரி 29ஐ எட்டு வயதில் பார்க்கும்.